மஞ்சள் ஸ்பிரிங்குக்குப் போன 25,000 ரூபாய்

ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துக்கு நான் 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வண்டி இன்றுவரை நீர்கொழும்புப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. நடந்து ஐந்து மாதமாகியும் எரிச்சல் ஆறவில்லை. ஆகையால் சுமுகமாக முடிந்த காரியங்களைப் பற்றி இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்கு இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சிறிய ஹார்ட்வெயார் கடை. குவைத்தில் ஒன்பது வருடம் இருந்தபோது, எங்கள் தங்குமிடத்துக்கு எதிரே ஒருவர் சிவப்பு டுகாட்டி எஸ்.டி. ஒன்றை, அதாவது இத்தாலியில் செய்த பெரிய மோட்டார் சைக்கிளை, வெள்ளிக்கிழமை தோறும் கழுவுவார். அன்று பிடித்த ஆசை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வண்டிகளின் விலை எங்கள் மலையைவிட உயரத்துக்கு ஏறிவிட்டதால், கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்து, இந்த வருடம் தேடத் தொடங்கினேன்.

எஸ்.டி. வரிசையில் முதல் குழப்பமே பெயரில்தான். 1997இல் எஸ்.டி. 2 வந்தது. 1999இல் எஸ்.டி. 4, 2001இல் எஸ்.டி. 4 எஸ், 2004இல் எஸ்.டி. 3. 2007உடன் கதை முடிந்தது. 2 சின்னது, 4 பெரியது என்று நினைப்பவர்கள் என்னைப் போல ஏமாறுவார்கள். அந்த எண் ஒரு சிலிண்டருக்கு எத்தனை வால்வு என்பதைத்தான் சொல்கிறது. கொள்ளளவைப் பார்த்தால் எஸ்.டி. 2 என்பது 944 சிசி, எஸ்.டி. 4 வெறும் 916. 'எஸ்' சேர்ந்தால் 996. கடைசியாக வந்த எஸ்.டி. 3 என்பது 992. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் என் மூளை 4 பெரியது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆசைக்குக் கணக்குத் தெரியாது போலும்.

அதனால்தான் முதலில் பார்த்த வண்டியை வேண்டாம் என்றேன். கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வைத்திருந்த எஸ்.டி. 2. இரண்டு பக்கப் பெட்டிகளும் முழுசாக இருந்தன. எந்த நாளில் எந்த எண்ணெய் மாற்றினார் என்பதை ஒரு மாட்டுத்தாள் அட்டை போட்ட கொப்பியில் வரிசையாக எழுதியிருந்தார். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றபோது ஓட்டத்தை நிறுத்தியவர், பிறகு முதுகுவலியால் தொடவே இல்லை. தார்ப்பாய்க்குள் வண்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, எனக்கு 4 தான் வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "தம்பி மலையில்தானே ஓட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி விளங்க எனக்கு இரண்டு மாதமாயிற்று.

இடையில் மாத்தளையில் ஒரு எஸ்.டி. 4 இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயருக்கும் விற்பவருக்கும் நடுவில் மூன்று பேர் கைமாறி, எல்லாம் ஓபன் பேப்பரிலேயே, அதாவது உரிமையைப் பெயர் மாற்றாமலேயே, ஓடியிருந்தது. திரும்பிவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிறகுதான் நீர்கொழும்பு. அந்தக் கரையோரத்தில் இத்தாலிக்குப் போகாத குடும்பமே அரிது. அங்கிருந்து வந்த ஒருவர் விற்கிறார் என்றதும் பாதி நம்பிவிட்டேன். அனுப்பிய படங்களில் பக்கவாட்டில் 'எஸ்.டி. 4 எஸ்' என்ற ஸ்டிக்கர் பளபளத்தது. பின்சக்கரத்துக்கு மேலே ஓலின்ஸ் கம்பெனி ஷொக்கின், அதாவது அதிர்வுதாங்கியின், மஞ்சள் ஸ்பிரிங் தெரிந்தது. 'எஸ்' வண்டியின் அடையாளமே அந்த ஷொக்தான். மீதியையும் நம்பினேன். "குருணாகலிலிருந்து ஓர் ஆள் இன்று இரவே வருகிறார்" என்று தொலைபேசியில் சொன்னார். 50,000 ரூபாய் முற்பணம் அனுப்பினேன். குருணாகல் ஆள் என்று ஒருவர் உலகில் இருந்தாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

விடியற்காலை 4 மணி பஸ்ஸில் நானும் எங்கள் மெக்கானிக் பாஸும் புறப்பட்டோம். பாஸ் வாழ்நாள் முழுவதும் ஜப்பான் இயந்திரங்களோடு வாழ்ந்தவர், இத்தாலிக்காரனைக் கண்டதில்லை. அதனால் நான் படித்ததையெல்லாம் வழியெல்லாம் அவருக்கு ஒப்பித்தேன். கித்துல்கலை தாண்டும்போது அவர் தூங்கிவிட்டார்.

ஆனால் கண்டுபிடித்தது அவர்தான். விற்பவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பாஸ் குனிந்து, பையிலிருந்த பழைய பற்தூரிகையால் இயந்திரத்தின் அடிக்கூடான கிராங்க் கேஸில் அப்பியிருந்த சேற்றைத் தேய்த்தார். கைவிளக்கை அடித்து என்னைக் கூப்பிட்டார். உலோகத்தில் பொறித்திருந்தது: இசட்.டி.எம். 916 டபிள்யூ 4. 'எஸ்' ஆக இருந்தால் 996 என்று இருந்திருக்க வேண்டும். அடுத்து, பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்துப் பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் வைத்தார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு. 'எஸ்' வண்டியில் அந்தக் கை அலுமினியம் என்று, கித்துல்கலையும் தாண்டி அவிசாவளையில் நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

விற்பவரோ, "அது தொழிற்சாலை போட்ட பழைய இலக்கம்" என்றார். பதிவுப் புத்தகத்தைக் கேட்டோம். அதிலும் 916. யாரோ ஒரு புண்ணியவான் ஷொக்கை மட்டும் வாங்கிப் பூட்டி, ஸ்டிக்கரையும் ஒட்டியிருக்கிறான். பஸ்ஸில் திரும்பும்போது பாஸ் ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "முற்பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே." இதற்கு என்ன பதில் இருக்கிறது? நான்கு நாள் தொலைபேசியில் சண்டை பிடித்து 25,000 மீட்டேன்.

916 ஆனாலும் எஸ்.டி. 4 நல்ல வண்டிதானே, விலையைக் குறைத்து வாங்கியிருக்கலாமே என்று மச்சான் கேட்டான். விற்பவர் 'எஸ்' விலையிலிருந்து ஒரு சதமும் இறங்கவில்லை என்பது ஒன்று. மற்றது, பாஸ் அன்றிரவு கடைக்கு வந்து பழைய கல்குலேட்டரில் போட்ட கணக்கு.

இந்த எஸ்.டி. வண்டிகளில் வால்வை மூட ஸ்பிரிங் இல்லை. திறக்க ஒரு ரொக்கர், அதாவது சிறு நெம்புகோல், மூட இன்னொரு ரொக்கர். ஆகவே ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடங்களில் இடைவெளி அளந்து, ஷிம் என்ற மெல்லிய உலோகத் துண்டை மாற்ற வேண்டும். இரண்டு சிலிண்டரையும் சேர்த்தால் எஸ்.டி. 2இல் 8 இடம், எஸ்.டி. 3இல் 12, எஸ்.டி. 4இல் 16. நான்கு வால்வு இயந்திரத்தில் ஒவ்வொரு ஹெட்டிலும் ரொக்கரைத் தள்ளும் கேம் தண்டு இரண்டு, அவற்றைச் சுழற்றும் பெல்ட் புல்லி இரண்டு. அந்தக் காலத்து நான்கு வால்வு இயந்திரங்களில் ரொக்கர்மேல் பூசிய குரோம் உரிந்துபோவது பலரும் அறிந்த குறை. உரிந்தால் கேமையும் தின்றுவிடும். "16 இடத்தை இங்கே யாரிடம் கொடுத்து அளப்பீர்கள்?" என்றார் பாஸ். "என்னிடம் என்றால், 8க்குச் சம்மதம்."

பலத்தைப் பார்த்தால் எஸ்.டி. 2க்கு 83 குதிரைவலு, எஸ்.டி. 4க்கு 105, 'எஸ்'க்கு 117. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வளைவுக்குப் பின் வளைவு, அதற்கிடையில் தனியார் பஸ். நான்காவது கியருக்குப் போவதே அபூர்வம். 117 குதிரையை இங்கே எங்கே மேய விடுவது? எஸ்.டி. 2 குறைந்த சுழற்சியிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். ஏற்றத்தில் தேவைப்படுவது அதுதான். கட்டுகஸ்தோட்டை ஐயா கேட்டதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

கூச்சத்தோடு அவருக்கு அழைப்பெடுத்தேன். "2 வேண்டாம் என்றீர்களே தம்பி" என்று ஒரு தடவை குத்திவிட்டு, பழைய விலைக்கே தந்தார். பெரிய மனது. புத்தகம் அவர் பெயரில், லீசிங் இல்லை, செசி இலக்கம் சரி. இனி உரிமை மாற்றம் மட்டும்தான், ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்.

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. முதல் கருமபீடத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, "இது இங்கே இல்லை" என்றார்கள். அடுத்த கருமபீடத்தில் ஒரு பெண்மணி என் விண்ணப்பத்தையும் பென்சிலால் தேய்த்தெடுத்த இயந்திர இலக்கத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அரச அலுவலகத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம்.

"ஓர் எழுத்து இல்லை."

இயந்திரத்தில் 944க்கும் 2க்கும் நடுவில் ஒரு டபிள்யூ. புத்தகத்தில் அது இல்லை. பல வருடத்துக்கு முன்னர் யாரோ தட்டச்சில் விட்டுவிட்டார்கள். அந்த எழுத்து தண்ணீரால் குளிர்விக்கும் இயந்திரம் என்பதைக் குறிப்பது என்று விளக்கினேன். "தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, எழுத்து இருக்க வேண்டும்" என்றார் அவர். வண்டியைப் பரிசோதகருக்குக் காட்ட வேண்டுமாம். நான்கு வருடம் நின்ற வண்டி. பெல்ட் மாற்றாமல் அதை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எல்லாமே குப்பை. 20,000 கிலோமீற்றர் அல்லது 2 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது பெல்ட் மாற்றுவதுதான் முறை. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது போகும். ஆகவே பட்டா லொறி ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி, மறு வாரம் ஏற்றிக்கொண்டு போனேன். பரிசோதகர் அன்று விடுமுறை. லொறிக் கூலி வீண்.

மூன்றாவது தடவை நான் வெறுங்கையோடு போகவில்லை. அந்த மாட்டுத்தாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மடித்துச் செருகியிருந்த ஒரு பழைய கடதாசியை ஐயா நினைவுபடுத்தினார்: இறக்குமதி செய்தபோது சுங்கத்தில் கொடுத்த பத்திரத்தின் பிரதி. நிறம் மங்கியிருந்தாலும் டபிள்யூ தெளிவாகத் தெரிந்தது. பரிசோதகர் இயந்திரத்தைப் பார்த்தது 2 நிமிடம் இருக்கும். அந்தப் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். எனக்கு அந்தச் சத்தம் கோயில் மணி. பழைய வண்டி வாங்குபவர்களே, விற்பவரிடம் சுங்கப் பத்திரத்தின் பிரதி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். புத்தகத்தில் உள்ள இலக்கத்தை எழுத்தெழுத்தாக உலோகத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் சரியாக இருந்தால் போதும் என்று திருப்திப்பட வேண்டாம்.

பெல்ட்டுகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஆறு வாரம். பாஸ் வண்டியை மூடியிருக்கும் ஃபெயரிங்கைக் கழற்றி, பெற்றோல் தாங்கியில் இருந்த துருவைக் கழுவி, 8 இடத்தையும் அளந்தார். மூன்று ஷிம்தான் மாற்ற வேண்டியிருந்தது. 95 ஒக்டேன் பெற்றோல் எந்தச் செட்டில் கிடைக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தேன்.

முதல் ஓட்டத்தில் தலவாக்கலைக்கு இந்தப் பக்கம், சென்கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்கும் இடம்வரை போய் வந்தேன். மூன்றாவது கியரிலேயே ஏறியது. வீட்டு வாசலில் கிளட்சைப் பிடித்தபோது மனைவி பதறி ஓடி வந்தாள். தகரப் பெட்டிக்குள் கரண்டிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம். எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் அப்படித்தான் சத்தம் போடும் என்று சொன்னேன். "உடைந்ததை வாங்கிவிட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறீர்கள்" என்றாள்.

மறுநாள் காலை கடைத் தரையில் வண்டிக்குக் கீழே உள்ளங்கையளவு ஈரம். எண்ணெய் இல்லை, கிளட்ச் திரவம். கிளட்சைத் தள்ளும் சிறிய சிலிண்டர் கசிகிறது; இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் தொல்லை. வியாழக்கிழமை பாஸ் வருகிறார். அதுவரைக்கும் கீழே ஆணிப் பெட்டியின் அட்டை ஒன்றை விரித்து வைத்திருக்கிறாள் மனைவி.