169.254 என்று முகவரி வந்தால்

கணினியின் ஐபி முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்குகிறதா? அது ரவுட்டர் கொடுத்ததல்ல. கேட்டுப் பார்த்து, பதில் வராமல், கணினி தானே சூட்டிக்கொண்டது. முதலில் கேபிளையும் வைஃபை கடவுச்சொல்லையும் பாருங்கள்.

வழக்கமாக நடப்பது நாலே பேச்சு. கணினி 0.0.0.0-விலிருந்து 255.255.255.255-க்கு, எல்லாருக்கும் கேட்கும்படி, "முகவரி தருபவர் உண்டா?" என்று கூவும். முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் (வீட்டில் பெரும்பாலும் ரவுட்டரே) ஒரு முகவரியை நீட்டும். "அதையே தாருங்கள்" என்று கணினி சொல்ல, சர்வர் உறுதி செய்யும். சப்நெட் மாஸ்க் (உள்வலையின் எல்லை), கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக்கும் சர்வர்) எல்லாம் கூடவே வந்துவிடும். இந்தப் பேச்சு நடக்கும் வாசல் எண், சர்வருக்கு யுடிபி போர்ட் 67, கணினிக்கு 68. ஃபயர்வால் (வலைப் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) இவற்றை அடைத்தால் பேச்சே இல்லை.

முகவரி சொந்தமல்ல, வாடகை. காலத்தில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். ஆட்கள் வந்துபோகும் இடத்தில் 100 முகவரிகளை 24 மணி நேர வாடகைக்கு விட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடலாம். 1 மணி நேரம் போதும்.

பெரிய தலைவலி வேறு. வைஃபை சிக்னலுக்காக, புதிய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் (உள்வலை) போர்ட்டில் செருகுவார்கள். இப்போது சர்வர் இரண்டு. முந்திக்கொண்ட பதிலே பெரும்பாலும் செல்லும். சிலருக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி, சிலருக்கு 192.168.1. பாதிப் பேருக்கு இணையம் இராது. பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியைப் புதிய ரவுட்டரின் வரிசையில், ஆனால் வாடகைக்கு விடும் எண்களுக்கு வெளியே மாற்றுங்கள்.

பிரிண்டரின் முகவரி மாறாமலிருக்க, அதற்கு மட்டும் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) கொண்டு ரவுட்டரிலேயே ஒரு எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.