கயிற்றில் வந்த நெருப்பு

டிசம்பர் 27, கியோட்டோ

இன்று மத்தியானம் ஒரு உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ் சூப்) கடையில் மறுபடியும் ஏமாந்தேன். "கறி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜப்பானிய வாக்கியத்தை ஒப்பித்தேன். கடைக்காரர் தலையாட்டினார். வந்த கிண்ணத்தில் மீன் துண்டு எதுவும் இல்லைதான். ஆனால் ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தாஷி இங்கே மீன் கணக்கில் வராது. ரசத்தில் பெருங்காயம் உண்டா என்று நம்மூரில் யார் கேட்கிறார்கள்?

கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியும் (பெயரைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது) கட்ஸுஓபுஷியும் சேர்ந்து இறங்கிய சாறுதான் தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகிற வரை காயவைத்து, இழைப்புளி போன்ற ஒன்றில் சீவினால் கட்ஸுஓபுஷி. தூத்துக்குடிப் பக்கம் மாசி என்று விற்பார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

டிசம்பர் 28

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவை நான் ஓயா-சான் என்றுதான் கூப்பிடுவது. உதோன் கதையைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வருஷப் பிறப்பன்று கீழே வந்து சாப்பிடு. எங்கள் வீட்டு ஸோனியில் மீன் சேராது." ஸோனி என்றால் வருஷப் பிறப்பு சூப். முதல் கிண்ணம் சாமிக்கும் புத்தருக்கும் போகிறதாம். அதனால் வெறும் கொம்பு தாஷிதான்.

வருஷப் பிறப்பு அலங்காரத்தை இன்றே முடித்துவிட வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மோச்சி என்ற இடித்த அரிசி உருண்டைகள், வட்டமாக இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, உச்சியில் தைதாய் என்ற கசப்பு ஆரஞ்சு. நாளைக்குச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். 29இல் இருக்கும் ஒன்பது 'கு'. துன்பத்துக்கும் அதே உச்சரிப்பு. 31இல் செய்தால் ஒரே ராத்திரியில் ஒப்பேற்றியதாகிவிடும், சாமிக்கு மரியாதை இல்லை. அஷ்டமி நவமி பார்க்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டிசம்பர் 30

நிஷிகி சந்தை. 390 மீட்டர் நீளச் சந்து, ஊரே அதற்குள் இருந்தது. ஓயா-சான் இரண்டே கடையில் நின்றார். ஒன்றில் வெள்ளை மிஸோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது. இன்னொன்றில் ரிஷிரி கொம்பு. வடக்கே ஹொக்கைடோ தீவில் விளைகிற சரக்கு இது. அந்தக் காலத்தில் கப்பலில் த்ஸுருகா துறைமுகம் வரை வந்து, அப்புறம் தரை வழியும் பிவா ஏரி வழியுமாகக் கியோட்டோ சேரும். கடலை விட்டு விலகி இருக்கும் ஊர் கடற்பாசியில் இவ்வளவு கைதேர்ந்தது எனக்கு வேடிக்கைதான். 1908இல் கொம்பிலிருந்து குளுடாமிக் அமிலத்தைப் பிரித்து அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்த இகெதா கிகுனாயும் இந்த ஊரில் பிறந்தவர்தான்.

டிசம்பர் 31

சியோன்-இன் கோயில் மணி 70 டன், 1636இல் வார்த்தது. அடிப்பதற்கு 17 துறவிகள். பதினாறு பேர் சின்னக் கயிறுகளை இழுக்க, ஒருவர் பெரிய கயிற்றைப் பிடித்து மல்லாந்து விழுவதுபோல உடம்பைப் பின்னால் எறிகிறார். சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்தது. மொத்தம் 108 அடி. எட்டு வரை எண்ணினேன், கூட்டம் தள்ளிவிட்டது.

அங்கிருந்து யசாகா ஆலயம். வந்த வேலையே அங்கேதான். ஒகெரா என்ற மூலிகை வேர் போட்டு எரிகிற விளக்குகளிலிருந்து மூங்கில் நார்க் கயிற்றில் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். வருஷத்தின் முதல் அடுப்பை அதில்தான் மூட்டுவார்கள். ஓயா-சானுக்கு முட்டி வலி, இரண்டு வருஷமாகப் போகவில்லை. என்னிடம் விட்டிருந்தார்.

கயிற்று நுனியில் ஒரு செம்புள்ளி, அவ்வளவுதான். சுழற்றிக்கொண்டே நடந்தால்தான் கனன்று நிற்கும். நாற்பது நிமிஷ நடை. வேகமாகச் சுற்றினால் பொறி மேல்கோட்டில் விழுகிறது, மெதுவாகச் சுற்றினால் சாம்பல் மூடுகிறது. கமோ ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்த அடியில் அணைந்தே போனது. எதிரே கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் நுனியை நீட்டினார். ஊதி ஊதிப் பற்றவைத்தோம். பக்கத்து வீட்டில் போய் அடுப்புக்கு நெருப்பு வாங்கி வந்த கதையை ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே வாங்கியது இன்றுதான்.

கடன் வாங்கியதை ஓயா-சானிடம் ஒப்புக்கொண்டேன். "நெருப்பு நெருப்புதானே" என்றார். கயிற்றிலிருந்து மெழுகுவர்த்தி, அதிலிருந்து காஸ் அடுப்பு. மிச்சக் கயிற்றைத் தண்ணீரில் அணைத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினார். தீ விபத்து வராமல் காக்குமாம்.

ஜனவரி 1

ராத்திரி முழுக்க ஊறிய கொம்பு. தண்ணீர் கொதிக்குமுன் எடுத்துவிட்டார், கொதித்தால் வழவழப்பு இறங்கிவிடும். முள்ளங்கி, சாயம் ஏற்றியதுபோல் சிவந்த காரட், எல்லாமே வட்டமாக அரிந்தவை. மூலை இருந்தால் வருஷமும் மூலையோடு வருமாம். தனியே வெந்த வட்ட மோச்சி, மேலே கெட்டியாக வெள்ளை மிஸோ.

உள்ளதைச் சொன்னால் முதல் வாய் பாயசத்தில் உப்புப் போட்டதுபோல இருந்தது. மூன்றாவது வாயில் பிடிபட்டது. குடும்பத் தலைவருக்கு வைக்கும் பெரிய சேப்பங்கிழங்கு என் கிண்ணத்தில் கிடந்தது. நெருப்புக் கொண்டுவந்த கூலி என்றார். தன் கிண்ணத்தில் மட்டும் கட்ஸுஓபுஷியைத் தூவிக்கொண்டார். ஆவியில் அந்தச் சீவல்கள் உயிருள்ளவைபோல நெளிந்தன. அதை நான் பார்த்ததோடு சரி.

ஜனவரி 7

நானாகுஸா-கயு. ஏழு கீரைக் கஞ்சி. முள்ளங்கிக் கீரையையும் சேர்த்துத்தான் ஏழு. சூப்பர் மார்க்கெட்டில் ஏழும் ஒரே பொட்டலமாகக் கிடைக்கிறது. விருந்தில் களைத்த வயிற்றுக்கு நல்லதாம். எனக்குச் சப்பென்று இருந்தது. மாடிக்கு எடுத்துப்போய் நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். ஓயா-சானிடம் சொல்லவில்லை.

ஜனவரி 15

ஊரில் பொங்கல். இங்கே ஷிமோகாமோ ஆலயத்தில் அஸுகிப் பயறு போட்ட கஞ்சிப் படையல். ஓயா-சானோடு வரிசையில் நின்று ஒரு கிண்ணம் வாங்கினேன். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று சொன்ன மொழியியலாளர் சுசுமு ஓனோ, இந்த நாளின் சடங்குகளைப் பொங்கலோடு ஒப்பிட்டு, வட ஜப்பானில் 'ஹோங்கரா' என்று கூவுவதையும் எடுத்துக்காட்டினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் கையில் சூடான கிண்ணத்தோடு அதை நம்பாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்.

அம்மா வீடியோவில் வந்தாள். "பொங்கிருச்சாடா?" கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இதென்ன, தட்டைப்பயறுக் கஞ்சியா? உடம்புக்கு ஏதும் முடியலையா?"