ஆல்பர்ட் அய்லரை வரிசையாகக் கேட்டு, கூடவே ஊதிப் பார்த்தது

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரின் இசைத்தட்டுகளைப் பதிவான தேதி வரிசையில் கேட்பது, பிடிபட்ட மெட்டுகளை என் டெனார் சாக்ஸில் (சாக்ஸபோனில்) ஊதிப் பார்ப்பது என்று ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு 1964 முடிந்திருக்கிறது.

நான் தொடங்கியது 1963 ஜனவரியில் கோபன்ஹேகனில் பதிவான தட்டில். அய்லர் கிளீவ்லாந்துக்காரர். அப்பாவிடம் ஆல்ட்டோ சாக்ஸ் கற்றவர், ராணுவத்தில் இருந்தபோது அதைவிடக் கீழ்க்குரலான டெனாருக்கு மாறினார். சொந்த ஊரில் யாரும் சீந்தாததால் ஸ்காண்டிநேவியா போனார். தட்டின் ஆரம்பத்தில் அவரே சாதுவான குரலில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். கூட வாசிப்பவர்கள் ஒழுங்காக பீபாப் என்ற வழக்கமான ஜாஸ் பாணியில் வாசிக்க, இவர் மட்டும் வேறு உலகத்தில் இருக்கிறார். பாஸ் வாசித்த நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பெடர்சனுக்கு அப்போது 16 வயதுதான், பாவம். ஆனாலும் அதில் உள்ள ‘சம்மர்டைம்’ பாட்டைக் கேட்க வேண்டும். அதில் ஒரு சுரமாவது நேராக வந்து நிற்காது, வழுக்கிக்கொண்டே வந்து சேரும்.

எனக்கு வழி திறந்தது 1964 பிப்ரவரி 24 பதிவுகளில். நியூயார்க்கில் அதே நாளில் ஒரு பக்கம் தன் கட்டற்ற இசையைப் பதிவு செய்தார், இன்னொரு பக்கம் ‘டீப் ரிவர்’ போன்ற தேவாலயப் பாடல்களை மெட்டு பிசகாமல் வாசித்தார். அய்லரை ஊதிப் பழக நினைப்பவர்கள் இரண்டாவதில் தொடங்கலாம். மெட்டு சுலபம், ஆரம்பநிலை மாணவரே வாசித்துவிடலாம். கஷ்டமெல்லாம் அந்த அகலமான வைப்ரேட்டோவில், அதாவது சுரத்தை நடுங்க விடுவதில். தாடையை மெதுவாக, பெரிதாக அசைக்க வேண்டும், ஆனால் காற்று குறையக் கூடாது. அசைவு பெரிதானால் என் சுரம் கீழே இறங்கிவிடுகிறது, காற்றை அழுத்தினால் அசைவு நின்றுவிடுகிறது. அவர் தடிமனான பிளாஸ்டிக் ரீட் (ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் தகடு) போட்டவர் என்பதால் நானும் ஒரு கனமான ரீட் வாங்கி மாட்டினேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் கீழ்ச் சுரங்கள் மட்டும் முரட்டுத்தனமாகப் பேச ஆரம்பித்தன. உதடு மரத்துப் போகிறது, அதனால் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அதே ஆண்டு ஜூலை 10-இல் பதிவானது ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’. கேரி பீகாக் பாஸ், சன்னி மரே ட்ரம்ஸ். மொத்தமே அரை மணி நேரத்துக்குள்தான். மரே தாளம் எண்ணுவதில்லை, சிம்பலை அலையலையாக ஒலிக்க விடுகிறார். அதனால் கூடவே ஊதும்போது எங்கே நுழைவது என்று காலால் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அய்லரின் மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். இந்தத் தட்டில் வரும் ‘கோஸ்ட்ஸ்’ மெட்டு எனக்கு முழுதாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் போகும் அலறலுக்குள் நான் இன்னும் நுழையவில்லை. பக்கத்து வீட்டாரையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது ‘பெல்ஸ்’, 1965 மே 1 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த கச்சேரி. தம்பி டொனால்ட் டிரம்பெட்டுடன் வந்து சேர்கிறார். பலர் திட்டும் 1968-இன் ‘நியூ கிராஸ்’ தட்டையும் கேட்காமல் விடப் போவதில்லை. தேவாலயமும் ப்ளூஸும் அவரிடம் முதலிலிருந்தே இருந்தவைதானே, ராக் தாளம் சேர்ந்ததற்காக ஏன் கோபப்பட வேண்டும்?