கை சுமார், எதிராளி முரடு: எப்போது கால், எப்போது ஃபோல்ட்

போக்கரில் கண்ட சீட்டுக்கும் ரெய்ஸ் போட்டு (பந்தயத்தை ஏற்றி), ரிவர் எனும் கடைசிப் பொதுச் சீட்டு வரை விடாமல் பந்தயம் அடிக்கும் ஆள் மேசையில் இருந்தால், முதலில் நாற்காலியைக் கவனியுங்கள். அவருக்கு இடப்பக்க நாற்காலி காலியானதும் மாறிக்கொள்ளுங்கள். அவர் ஆடிய பிறகு நீங்கள் ஆடலாம். அவர் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் ஏஸ்-9, குயின்-10 ஆஃப்சூட்டையெல்லாம் (இனம் வேறான சீட்டுகளை) யோசிக்காமல் ஃபோல்ட் செய்யுங்கள், அதாவது கையை விட்டுவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துனி எனும் சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தாலே கை துறுதுறுக்கும். துனியில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ராஜாவுக்கு வெறும் 3. போக்கரில் அந்தக் கணக்கு செல்லாது. ஜோடி விழுந்தாலும் கிக்கர் (ஜோடியோடு நிற்கும் துணைச் சீட்டு) காலை வாரிவிடும்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் போடும் கட்டாயப் பந்தயம்) 10/20 ரேண்ட், இருவரிடமும் 2,000. அவர் பட்டனிலிருந்து (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) 60 போடுகிறார். பிக் பிளைண்டில் (20 போட்ட இடம்) உங்களிடம் ஹார்ட்டின் ராஜா, டைமண்ட் ஜாக். இன்னும் 40 போட்டு கால் செய்கிறீர்கள் (அவர் பந்தயத்துக்கு ஈடு கட்டுகிறீர்கள்); ஸ்மால் பிளைண்டின் 10-உம் சேர்ந்து பாட் (நடுவில் சேரும் பணம்) 130. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 8, டைமண்ட் 4. நீங்கள் பந்தயம் கட்டாமல் செக், அவர் 80. இங்கே ரெய்ஸ் போடத்தான் பலருக்கும் தோன்றும். போடாதீர்கள். வெறும் கையோடு ப்ளஃப் அடித்தவர் ஓடிவிடுவார். உங்களை வெல்லும் கை மட்டும் நின்று பணம் வாங்கும். கால் செய்தால் பாட் 290. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) கிளாவர் 2 வர, அவர் 200 அடிக்கிறார். மறுபடி கால், பாட் 690.

ரிவரில் ஹார்ட்டின் 2. அவர் 460 அடிக்கிறார். 460 போட்டு 1,150-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மொத்தம் 1,610-இல் உங்கள் பங்கு 28.6 சதவீதம். அதாவது பத்து முறையில் மூன்று முறை அவர் ப்ளஃப் என்றால் கால் சரி. கேசினோ பாட்டிலிருந்து எடுக்கும் ரேக் இந்த எல்லையை இன்னும் கொஞ்சம் உயர்த்தும். அதனால் நூலிழைக் கணக்கில் நிற்கும் கையை விட்டுவிடுவதே மேல்.

இங்கே ஸ்பேட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழவில்லை. அதற்குக் காத்திருந்தவருக்கு ப்ளஃப்பைத் தவிர வழியில்லை, ஆகவே கால். அதே ராஜா-ஜாக்கில் உங்கள் ஜாக் ஸ்பேடாக இருந்தால் கதை மாறுகிறது. தவறிப்போன ஃப்ளஷ் கைகளில் சில உங்களிடமே முடங்கிவிடும், அவரிடம் ப்ளஃப் குறையும். நான் ஃபோல்ட் செய்வேன். ரிவரில் மூன்றாவது ஸ்பேட் விழுந்தாலும் ஃபோல்ட்தான்.

இதெல்லாம் ரிவரிலும் ப்ளஃப் அடிப்பவருக்குத்தான். முரட்டு ஆட்டக்காரர் பலர் டர்ன் வரை மிரட்டுவார்கள், ரிவரில் நிஜக் கையோடு மட்டுமே அடிப்பார்கள். அதனால் நீங்கள் ஆடாத கைகளிலும் அவர் கடைசியில் எதைத் திருப்பிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ரிவரில் பெரிதாக அடித்து இரண்டு ஜோடி, செட் (ஒரே எண்ணில் மூன்று) என்றே காட்டிக்கொண்டிருந்தால், 28.6 சதவீதக் கணக்கைப் பார்க்காமல் ராஜா ஜோடியைக் கீழே வையுங்கள்.

அவர் அதே 60 போடும்போது நீங்கள் ஸ்மால் பிளைண்டில் (10 போட்ட இடம்) இருந்தால், சுமார் கையோடு வெறும் கால் வேண்டாம். ஒரே இனத்து ஏஸ்-5 போன்றதை வைத்து 240-க்கு ஏற்றுங்கள்; உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு பாதியாகிறது. மற்றதை விட்டுவிடுங்கள்.