அக்கா கேட்ட கேள்வி

“கண்ணை மூடினால் எனக்குக் கௌமாரி முகம் அப்படியே வந்து நிற்கும். உனக்கு என்ன வரும் தங்கச்சி?”

கம்பத்துக்கு மேற்கே மலைமேல் இருக்கும் கம்பம்மெட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில் காய் பிரிக்கிறேன். எதிரே உட்கார்ந்து பிரிக்கும் அக்கா, இறைவனை நினைத்தால் என்ன உருவம் வரும் என்று முஸ்லிமான என்னிடம் கேட்டது இது. வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவர். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கை ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் துண்டு துண்டாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுதாக இங்கே எழுதுகிறேன்.

உருவம் எதுவும் வராது அக்கா. மதரஸாவில் ஓதிக்கொடுத்த அஸ்ரத் எங்களை முதலில் மனப்பாடம் செய்யவைத்த சூராக்களில் ஒன்று இக்லாஸ், குர்ஆனின் 112-ஆவது அத்தியாயம். நான்கே வசனங்கள். அல்லாஹ் ஒருவன்; அவனுக்கு எவர் தேவையும் இல்லை, எல்லாருக்கும் அவன் தேவை; அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை; அவனுக்கு நிகர் யாருமில்லை. சாயல் தேட ஒரு தகப்பனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கற்பனைக்கு அங்கே வேலையே கிடையாது.

அப்படியானால் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டித் தொழுகையில் நிற்கும்போது மனதில் என்ன இருக்கும்? வானவர் ஜிப்ரீல் மனித வடிவில் வந்து நபிகள் நாயகத்திடம் கேள்விகள் கேட்டதாக ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. வணக்கத்தின் உயர்ந்த நிலை எது என்பதற்கு நபி சொன்ன பதில்: அல்லாஹ்வைப் பார்ப்பதுபோல் வணங்கு, நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான். நான் பற்றிக்கொள்வது அதன் பின்பாதியைத்தான். அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. என்னை அவனுக்குத் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதை ஆறாவது அத்தியாயத்தின் 59-ஆவது வசனம் சொல்கிறது. அவன் அறியாமல் ஓர் இலைகூட உதிர்வதில்லை. மண்ணின் இருளில் கிடக்கும் விதையும், ஈரமானதும், காய்ந்ததும் எல்லாம் அவன் பதிவில் இருக்கின்றன. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வசனம் இன்னும் நன்றாகப் புரியும். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கிறது. உதிர்ந்து மக்கிய சருகை விலக்கிக் குனிந்துதான் எடுக்க வேண்டும். அந்தச் சருகை யார் எண்ணினார்கள்? ஸ்டோருக்கு வந்த பச்சைக் காய் சூட்டில் கிடந்து காய்ந்தால், ஏறக்குறைய 5 கிலோவுக்கு 1 கிலோதான் தேறும். ஆவியாகிப் போன ஈரத்தை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. அவனுடைய பதிவில் அதுவும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

“அப்புறம் மெக்காவில் அந்தக் கறுப்புக் கட்டடத்தை ஏன் கும்பிடுகிறீர்கள்?” என்றார் அக்கா. கும்பிடுவதில்லை, அந்தக் கஅபா எங்களுக்குத் தொழும் திசை. கம்பத்தில் மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து நிற்போம். எதிரே இருப்பது இந்த மலைதான். மலையையா வணங்குகிறோம்? நபியின் தோழரான கலீஃபா உமர், கஅபாவில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லை முத்தமிடும்போதே, ‘நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்’ என்று சொன்னவர்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘அல்லாஹ் பார்க்கிறான்’ என்பதைப் பிள்ளைகளிடம் மிரட்டலாகவே சொல்லிப் பழகிவிட்டோம், ஸ்டோர் மூலையில் தொங்கும் கேமராவைக் காட்டி மிரட்டுவதுபோல. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்பதாவதைத் தவிர மற்ற எல்லாவற்றின் தொடக்கத்திலும் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்றுதானே இருக்கிறது! இன்னொரு ஹதீஸில், போர்க் கைதிகளுக்கு நடுவே ஒரு தாய் குழந்தையைக் கண்டதும் வாரி அணைத்துப் பால் கொடுத்தாள். “இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா?” என்று நபி தோழர்களைக் கேட்டார். மாட்டாள் என்றார்கள். இவள் பிள்ளைமேல் காட்டும் இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்கள்மேல் அதிக இரக்கம் உள்ளவன் என்றார். நரகத்தைப் பற்றியும் குர்ஆன் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இறைவனை அறிமுகம் செய்வது அந்தத் தாயிலிருந்து தொடங்கட்டும்.

அரபியில் கேட்டால்தான் அவனுக்குக் கேட்குமா என்பது அக்காவின் அடுத்த சந்தேகம். தொழுகையில் ஓதுவது அரபிதான். தொழுது முடித்துக் கையேந்தும்போது தமிழில்தான் கேட்கிறேன்: அம்மாவின் சர்க்கரை நோய், தம்பியின் வேலை, எல்லாவற்றையும். இடையில் யாரும் வேண்டாம். நான் அருகில் இருக்கிறேன், அழைப்பவன் அழைக்கும்போது பதில் தருகிறேன் என்று இரண்டாவது அத்தியாயத்தில் அவனே சொல்கிறான்.

“அப்படியானால் என் மகளுக்கும் ஒரு நல்ல வரனாகக் கேளேன்” என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.