மதிலை அளந்த பிறகு பூதம் வரட்டும்

வீரசாகசக் கதைகளின் கைப்பிரதியைத் திருத்த உட்காரும்போது முதலில் பார்ப்பது மதிலின் சுற்றளவைத்தான். வாள்வீச்செல்லாம் பிறகு. பூதங்களிடமிருந்து ஒரு நகரத்தைக் காக்கும் கதை என்றால் அந்த நகரம் எத்தனை ஏக்கர், எத்தனை வாசல், தண்ணீர் எங்கே ஊறுகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஐந்தாவது அத்தியாயத்தில், பூதம் கை வைக்கும் முன்பே கதை இடிந்துவிடும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. வட்டக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கருங்கல் கட்டு, ஏறக்குறைய மூன்றரை ஏக்கர், 25 அடி உயர மதில், ஒரு பக்கம் கடல். இதையே மாதிரியாக வைத்துக் கணக்குப் போடலாம். மூன்றரை ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் சுற்றளவு சுமார் 475 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு ஆள் என்றால் ஒரு முறைக் காவலுக்கு 160 பேர். நாளுக்கு மூன்று முறை, 480 பேர். ஆளுக்கு 600 கிராம் அரிசி வைத்தால் நாளொன்றுக்கு 288 கிலோ, மாதத்துக்கு எட்டரை டன்னுக்கு மேல். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றாலும் தினமும் 2,400 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 160 குடம். அதை யார் இறைப்பது, யார் மதிலுக்கு மேல் சுமப்பது? பல கைப்பிரதிகளில் இப்படி ஒரு ஆளே இல்லை. பத்தாயிரம் வீரர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் இன்னொரு வழுக்கல். கதையின் காலம் 1700களைப் போல இருக்கும். மதில்மேல் காவலாளி மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் தின்றுகொண்டிருப்பார். திருவிதாங்கூரில் மரச்சீனி சாதாரணச் சனங்களின் உணவாகப் பரவியது 1880களில், விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில். கற்பனை உலகம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நம்ம ஊர் வாசகர் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடி போதும், பூதத்தின் மேல் உள்ள பயம் போய்விடும். கருப்பட்டியும் கஞ்சியும் கருவாடும் இருக்கும்போது கிழங்கு எதற்கு?

இனி கூட்டாளிகள். பொருந்தாத நான்கு பேர் என்றதும் ஒருவரை ஒருவர் கிண்டலடிக்க வைத்து வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பொருத்தமின்மை அவரவர் தொழிலறிவில் இருக்க வேண்டும். வர்ம ஆசானை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தால் ஆளைச் சாய்க்கும் உடம்பு இடங்களான வர்மம் 108-உம் அவருக்குத் தெரியும், படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அத்தனையும் மனித உடம்புக்கு உள்ளவை. ஆறு கால் பூதத்தின் முன் அவர் வெறும் கிழவர். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பூதம் செத்து மதிலடியில் கிடக்கிறது. ஆசான் முட்டுக்குத்தி உட்கார்ந்து அதன் மூட்டு மூட்டாகத் தடவுகிறார்.

“ஆசானே, எங்க அடிக்கணும்?”

“பொறு மக்கா. இதுக்கு நெஞ்சு எங்க இருக்குன்னே தெரியல்ல.”

கட்டுமரக்காரன் குனிந்து கழுத்தோரம் ஒரு மடிப்பை விரலால் தூக்குகிறான். “இது செவுளாக்கும். சுறாவ அடக்க நாங்க இங்கதான் குத்துவோம்.”

இப்போது கழுத்து உயரத்துக்கு ஏற ஒரு ஆள் வேண்டும். காலில் தளைநாரும் இடுப்பில் பாளை அருவாளுமாக ஒரு பனையேறி இரண்டாம் அத்தியாயத்திலிருந்தே கூட இருந்தால் இந்த இடம் தானாக அமையும். அந்த நேரம் பார்த்து அவரைக் கொண்டுவந்தால் வாசகர் நம்பமாட்டார்.

நான்காமவருக்கு இந்த மண்ணே ஒரு மாதிரி தருகிறது. 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார், உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், 1777இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். நேற்று மதிலை உடைக்க வந்தவனுக்கு அதன் பலவீனம் தெரியும். ஆனால் வடக்கு வாசல் சாவியை அவன் கையில் கொடுப்பது யார்? இந்தக் கேள்வியை முன்னூறு பக்கம் இழுக்கலாம், சலிக்காது.

பூதத்துக்கு மூன்று விஷயம் வேண்டும்: ஒரு தேவை, ஒரு பழக்கம், ஒரு கட்டு. நம்ம பாட்டிமார் சொன்ன யட்சி ராத்திரி வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், ஆணி அடித்தால் அடங்குவாள். மூன்றும் அதற்குள் இருக்கிறது. கொம்பும் பல்லும் மட்டும் உள்ள பூதம் இரண்டாவது தடவை வரும்போது பயம் தராது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: சுடலைமாடனையும் இசக்கியையும் பூதக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். கோயில் கொடைவிழா கழித்து, வில்லுப்பாட்டு வைத்துக் கும்பிடும் தெய்வங்கள் அவை. பூதத்தைப் புதிதாகப் படைத்துக்கொள்ளுங்கள், உழைப்பு கூடினாலும் பரவாயில்லை.

காற்றும் மழையும் கதையில் வேலை செய்யட்டும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு எதிரே விட்ட அம்பு குறிக்குப் போகாது. நனைந்த வெடிமருந்து பிடிக்காது, ஊறிய கயிறு முடிச்சு அவிழாது.

பெரும்பாலும் விட்டுப்போவது வெற்றிக்கு மறுநாள். யானை அளவுப் பிணங்கள் நாற்பது மதிலடியில் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் அறுத்து, கடலோரம் இழுத்து, கடல் ஓதம் இறங்குகிற நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். ஏறும்போது தள்ளினால் எல்லாம் கரைக்கே திரும்பி வரும். அதைக் கட்டுமரக்காரன்தான் சொல்ல முடியும். கிணற்றுப் பக்கம் கிடப்பதை முதலில் எடுக்க வேண்டும். ஊனீர் கிணற்றில் இறங்கிவிட்டால் அந்த 160 குடம் தண்ணீருக்கு வேறு ஊற்று தேடித்தான் இரண்டாம் பாகம் தொடங்கும்.