அட்டையைக் கொண்டுவாங்கோ

குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை ஒத்துவரேல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது குளிசை அட்டையைத்தான். திருகோணமலையில் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போய்வருகிறேன். வாய் சொல்லாததை அட்டை சொல்லிவிடும். மொத்தம் 28 குளிசை: வெள்ளை 21, கபில நிறம் 7. வரிசையாக உடைத்துக்கொண்டு வந்திருப்பா. நடுவில் மூன்று நாலு அப்படியே கிடக்கும், பிறகு திரும்பவும் ஓட்டை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் போகிறவர்களின் வீட்டில், மனுசன் எப்போது கடலுக்குப் போனார், எப்போது கரைக்கு வந்தார் என்பதை அட்டையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"அவர் இல்லாத நாளில ஏன் மிஸ் சும்மா குடிப்பான்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் வெள்ளைக் குளிசையில் உள்ள ஹோர்மோன்தான் கருப்பையின் உட்சவ்வைக் கலையவிடாமல் வைத்திருக்கிறது. சில நாள் அது கிடைக்காவிட்டால் சவ்வு கழன்று இரத்தம் படத் தொடங்கும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். மனுசன் கரைக்கு வந்த அன்று மறுபடி தொடங்கினால், அன்றைக்கே அது வேலை செய்யாது. இரண்டு அல்லது அதற்கு மேல் விடுபட்டால், தொடர்ந்து ஏழு நாள் வெள்ளைக் குளிசை போட்டு முடியும்வரை கொண்டமும் பாவிக்க வேணும். ஒன்று மட்டும் மறந்தால் பயமில்லை. நினைவு வந்த உடனே போட்டுவிட்டு, அன்றைக்கு உரியதை வழமையான நேரத்தில் போடலாம்.

ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் முதல் மூன்று மாதம் இடையிடையே இரத்தம் படலாம். உடம்பு அந்த அளவுக்குப் பழக எடுக்கும் காலம் அது. பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். இதை அட்டை கொடுக்கிற அன்றே ஆறுதலாக இருத்திச் சொன்னால் பாதிப் பேர் குளிசையை விடமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். கிளினிக் நாளில் நிறை பார்க்கிற பிள்ளைகளின் அழுகைக்கு நடுவில் தலைச்சுற்று, ஓங்காளம் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவ வந்து நிற்பா. நாங்கள் சொல்லாமல் விட்டதை மச்சாள்மார் சொல்லிக் கொடுப்பார்கள்: "அது சூடு, கர்ப்பப்பையை அரிச்சுப்போடும்." பிறகு வெந்தயத் தண்ணி, இளநீர். குடிக்கட்டும், நட்டமில்லை. குளிசையை நிறுத்தாமல் குடித்தால் சரி.

கொஞ்சமாகத்தானே படுகிறது என்று நாங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பேட் விலை ஏறியபோது, தினமும் ஒரு சொட்டுக்காக ஒரு பேட்டைச் செலவழிக்க எத்தனை வீட்டில் முடிந்தது? பழந்துணிக்குத் திரும்பினவர்களைக் கண்டேன். காசை விட்டாலும் கோயில் இருக்கிறது, தொழுகை இருக்கிறது. கிண்ணியாப் பக்கம் ஒரு தங்கச்சி நோன்பு மாதத்தில், "இது ஹைலா இல்லையா எண்டு தெரியாம நான் என்ன செய்யிற மிஸ்?" என்று கேட்டா. ஹைல் என்றால் மாதவிடாய். மார்க்க விசயத்தை மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். இது மாதாந்தம் வருகிற ஒன்றில்லை, குளிசையால் இடையில் படுவது என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

நவராத்திரிக் காலம் இன்னொரு கூத்து. ஊரெல்லாம் கும்பம் வைத்திருக்கும். வீட்டில் ஒருத்திக்கு இலேசாகப் படும். பயந்துபோய் அட்டையைப் பாதியில் தூக்கிப் போடுவா. இரண்டு மூன்று நாளில், கும்பம் ஊர்வலம் வருகிற நேரம் பார்த்து, முழுதாகவே வந்துவிடும். வெள்ளைக் குளிசையை நிறுத்தினால் இரத்தம் வரும்; ஒவ்வொரு மாதமும் கபிலக் குளிசை நாட்களில் வருவதும் அப்படித்தான், அந்த ஏழும் இரும்புச் சத்துதானே. விட்டுவிடாமல் போட்டிருந்தால் அந்த இலேசோடு போயிருக்கும். திருநாள் வருகிறதென்றால் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு, கபிலத்தை விட்டு நேரே அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கவும் வழி உண்டு.

அட்டை ஒழுங்காகக் காலியாகியிருந்தும் இரத்தம் பட்டால், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பேன். அங்கேதான் பேச்சு நின்றுவிடும். ஒரு பிள்ளை வாசலைப் பார்த்தா, மாமி குசினிக்குப் போகும்வரை காத்திருந்தா, பிறகு அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து என் மடியில் வைத்தா. காசநோய்க் குளிசை. அதிலுள்ள ரிஃபாம்பிசின், குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையின் ஹோர்மோனை ஈரல் வேகமாகச் சிதைத்துவிடச் செய்யும். காசநோய் மருந்தை ஆறு மாதம் நிறுத்தவே கூடாது. அதனால் மாற்ற வேண்டியது குடும்பக்கட்டுப்பாட்டு முறையைத்தான். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெபின், பெனிடோயினும் இதே வேலையைச் செய்யும். இப்படியானவர்களுக்குப் படுகிற இரத்தம், கரு தங்கக்கூடும் என்பதற்கும் அறிகுறி.

மூன்று மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், நீண்ட காலம் ஒழுங்காக இருந்து திடீரென்று தொடங்கினால், உறவுக்குப் பிறகு பட்டால், அடிவயிற்று நோவோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் குளிசையில் பழியைப் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. சிறுநீரில் கர்ப்பம் பார்க்க வேணும், டொக்டர் உள்ளே பார்க்க வேணும். உப்புவெளிப் பக்கம் ஒரு அக்கா, உறவுக்குப் பிறகு படுவதைக் குளிசைச் சூடு என்றே நம்பிக்கொண்டிருந்தா. 35 வயதுக்கு உரிய, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேடும் பாப் பரிசோதனைக்கென்று வற்புறுத்தி, பெண்களின் உடல்நலம் பார்க்கிற வெல்வுமன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கருப்பைக் கழுத்தில் சின்னதாய் ஒரு சதை வளர்ச்சி. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், புற்று இல்லை. இப்போது அவ கருத்தரிக்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கிற லூப் போட்டிருக்கிறா. குளிசைதான் அந்தச் சதையை வளர்த்தது என்று இன்றைக்கும் கிணற்றடியில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா.